ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஆள்

தினமும் காலையில் குரோம்பேட்டையில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி கோடம்பாக்கத்தில் இறங்குகிறேன். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று நடுவில் எட்டு ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷனில் வண்டி கிளம்பி அடுத்ததில் நிற்பதற்குள் ஒரு ஆள் என்று கணக்கு வைத்து வரைய ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம்தான். வண்டி நின்றால் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். கையடக்கமான கோடு போடாத நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, அவ்வளவுதான். பென்சில் இருந்தால் ஒரே மூக்கை அழித்து அழித்துப் போடத் தோன்றும், அதற்குள் ஆள் இறங்கிப் போய்விடுவார்.

முதல் இரண்டு மாதம் முகத்தை விட்டு நகரவே இல்லை. யாரை வரைந்தாலும் நெற்றி குறுகிப் போகும். கண் உச்சிக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் இருக்கிறது என்று தெரிந்தும் கை கேட்கவில்லை, மேலே மேலே வைத்தது. எதிர் சீட்டில் தூங்குகிறவர்கள்தான் அதைச் சரி செய்தார்கள். தலை முன்னால் கவிழ்ந்தால் உச்சந்தலை பெரிதாகத் தெரியும். கண், மூக்கு, வாய் மூன்றும் கீழே நெருங்கும். காது கண்ணைவிட மேலே போய்விடும். இதை ஒரு ஐம்பது பேரிடம் பார்த்த பிறகுதான் தலை என்பது தட்டையான வட்டம் இல்லை என்று கைக்குப் புரிந்தது.

அப்புறம் அந்தப் பூக்கார அம்மா. பல்லாவரத்தில் ஏறி, மடியில் மல்லி மொட்டைக் கொட்டிக்கொண்டு கட்ட ஆரம்பித்துவிடுவார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், விரலில் நாரைச் சுழற்றி மாட்டி ஒரு இழுப்பு. கண் பூவிலேயே இருக்காது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டு நாள் அந்தப் பத்து விரலையும் தனித்தனியாகப் போடப் பார்த்துத் தோற்றேன். மூன்றாம் நாள் விரலை விட்டுவிட்டு, மணிக்கட்டின் வளைவையும் விறைத்து நின்ற நாரையும் மட்டும் போட்டேன். அந்த இழுப்பு வந்ததும் கையும் வந்துவிட்டது. எட்டிப் பார்த்துவிட்டு, "கை என்னுதுதான். மொகம் போடலையா கண்ணு?" என்றார். அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன்.

நிற்கிறவர்களைப் பிடிக்க வேறு வழியில் வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். சோழர் காலத்து வெண்கலம். தலை, மார்பு, இடுப்பு மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்த திரிபங்கம். மறுநாள் பிளாட்பாரத்தில் ஒரு காலில் பாரத்தை இறக்கி நின்ற ஒரு காலேஜ் பெண்ணிடம் அதே சாய்வு! பாரம் தாங்குகிற பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கம் தோள் இறங்கும். இப்போது யாரை வரைந்தாலும் முதலில் போடுவது அந்த இரண்டு சாய்கோடுகளைத்தான்.

ஒருமுறை ஒரு பெண் நான் வரைவதைக் கவனித்துவிட்டு, முகம் வாடி வேறு சீட்டுக்குப் போய்விட்டார். பல நாள் அது மனதை உறுத்தியது. அன்றிலிருந்து கண்ணோடு கண் பட்டால் உடனே நோட்டைக் காட்டிக் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

போன வாரம் பரங்கிமலை தாண்டியதும் பூக்கார அம்மா மடியை ஒதுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு மொகம்." கிண்டி வந்துவிட்டது, பாதிதான் முடிந்திருந்தது. ஆனால் கண் நடுவில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை, சைதாப்பேட்டை வரை அவரையே வரைந்தேன்.