கவர் குழுவா, சொந்தப் பாடல் குழுவா?

கேள்வி: பேஸ் கிட்டார் வாசிக்கும் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்துள்ளன. ஒன்று, பிரபலமான பாடல்களை விழாக்களில் வாசித்து ஓரளவு வருமானம் பார்க்கும் கவர் குழு. மற்றது, சொந்தப் பாடல்களை மட்டுமே உருவாக்கும், இன்னும் மேடையேறாத குழு. இரண்டுக்கும் நேரமில்லாத நிலையில் எதில் சேரலாம்?

பதில் 1: மேடைப் பழக்கம் குறைவென்றால் கவர் குழுவே நல்லது. பாடகரின் தொண்டை கட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிப்பதும், டிரம்மர் வேகமெடுக்கும்போது தடுமாறாமல் கிக் டிரம்முடன் (காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்) ஒட்டி நிற்பதும் ஒத்திகை அறையில் கைவராதவை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவினரே தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில் பெரும்பாலும் பிறர் பாடல்களைத்தான் வாசித்தனர்; 1963இல் வெளிவந்த அவர்களது முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 பிறர் எழுதியவை.

பதில் 2: மீதி 8 அவர்களுடையவை என்பதையும் சொல்லியிருக்கலாம். யாரோ அமைத்த பேஸ் வரியைப் பிசகாமல் வாசிப்பது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். வெறும் நான்கு கார்டுகளுக்கு (chords, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) அடியில் எங்கே வாசிப்பது, எங்கே மௌனமாக இருப்பது என்று நீங்களே முடிவெடுக்கும்போதுதான் காது வளர்கிறது. ஆனால், பாடல்களின் பதிப்புரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: முதலில் இரு குழுக்களின் ஒத்திகையையும் நேரில் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வராத குழு எந்தப் பாடலை வாசித்தால் என்ன?