கிடைக்கு விடப்பட்ட பிள்ளைகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிடைமேடு:

தை அறுவடை முடிந்து செம்மறிக் கிடை இறங்கிய தரிசு. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ரோட்டை ஒட்டி. நூற்றைம்பது ஆட்டுக்கு ஒரே பையன், பத்துப் பன்னிரண்டு வயசு, தோளில் துரட்டி. செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. கிடை என்றால் எருவுக்காக ஆடுகளை ராத்திரி வயலில் அடைப்பது. மந்தைக்காரரான கீதாரியிடம் முன்பணம் வாங்கிய வீடுகள் ஆடு மேய்க்கப் பிள்ளையை விட்டுவிடும். உறுத்துவது ஒன்றுதான். 'இது எந்த ஊருப்பா?' என்றதற்கு அவனுக்குத் தெரியவில்லை. வந்து எத்தனை நாள் என்பதும் தெரியவில்லை. ஆனால், 'நாய் கடிச்சு ரெண்டு குட்டி போச்சு, அதையும் எங்கணக்குல ஏத்திட்டாரு' என்று மட்டும் சட்டென்று சொன்னான்.

குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லியாயிற்று. கொடுத்த அடையாளம் 'ஒரத்தநாடு தாண்டி ரோட்டோரம்'. மறுநாள் மத்தியானம் ஆட்கள் வந்து பார்த்தபோது தரிசில் புழுக்கைதான் கிடந்தது. கிடை ஒரு வயலில் நாலைந்து ராத்திரிக்கு மேல் நிற்காது. அந்த வயல்காரரைக் கேட்டிருக்கலாம். எருவுக்காக ராத்திரிக்கு இவ்வளவு என்று காசோ நெல்லோ கொடுத்தவர் அவர்தான். கீதாரியின் செல் நம்பரும், அடுத்து எந்த ஊர் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

தடம்139:

ரயிலிலும் இதே கதைதான், நேரம் இன்னும் குறைவு. தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ், காட்பாடி தாண்டியாயிற்று. எங்கோ வேலைக்குக் கூட்டிப்போகப்படும் ஏழு பையன்கள், ஏழு பேர் காலிலும் ஒரே மாதிரிப் புதுச் செருப்பு. ஏழு ஆதாரையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரே ஆள் வைத்திருக்கிறார். ஏழிலும் பிறந்த தேதி ஜனவரி 1.

பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 போடுவது ஊர் வழக்கம், அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆதார்ப்படி ஏழு பேரும் சொல்லிவைத்தாற்போலப் பதினெட்டைத் தாண்டியிருந்தார்கள், ஒருத்தனுக்கும் மீசை அரும்பவில்லை. அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். வயதுக்கு ஆதார் சான்றாகாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு வரிசையைச் சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையையும் உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆதாரைக் காட்டி 'பதினெட்டு ஆயிடுச்சு, விடுங்க' என்று நடைமேடையிலேயே அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கூட்டிப்போகும் ஆளிடம் நேராகப் போய்க் கேட்டுவிடாதீர்கள், அடுத்த நிறுத்தத்தில் பிள்ளைகளோடு இறங்கிவிடுவார். ரயில்வே உதவி எண் 139க்கு அழையுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண், அடுத்து நிற்கும் பெரிய நிலையம், அங்கே வரும் நேரம், இந்த ஐந்தும் வேண்டும். ஜோலார்பேட்டை தாண்டியதும் சொன்னால் சேலத்தில் ஆள் நிற்க முடியும். திருப்பூர் நெருங்கும்போது சொன்னால் வண்டி நின்று கிளம்பிய பிறகுதான் வருவார்கள். போஜ்புரியோ மைதிலியோ தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். அரைகுறை இந்தியில் ஏழு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டால் ஏழு பேரும் 'அட்டாரா சால்' (பதினெட்டு வயது) என்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் நாலாவது ஆளிடம் பாடம் குழம்பும்.

மனுதாரர்:

கிடைமேடு அண்ணே, வயல்காரரைக் கேட்பது சரி. 'அந்தப் பையன் யாரு?' என்று கேட்டால் மட்டும் சாயங்காலத்துக்குள் செய்தி கீதாரிக்குப் போய்விடும். 'எங்க வயலுக்கும் கிடை போடணும், நம்பர் குடுங்க' என்று கேளுங்கள், அவரே கொடுப்பார்.

ஆனால் 1098க்குச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதை ஒத்துக்கொள்ள முடியாது. சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவனை இப்படித்தான் மீட்டு, 'காணாமல் போன சிறுவன்' என்று எழுதிப் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். முன்பணக் கடன் அப்படியே நின்றது. அடுத்த தை மாதம் அவனுடைய தம்பி கிடையில் நின்றான்.

பையனைக் குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. அதோடு கோட்டாட்சியருக்குத் தனியாக ஒரு மனு போக வேண்டும், 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ். முன்பணம் எவ்வளவு, யார் கையில் கொடுத்தார்கள், எந்த மாதம், செத்த ஆட்டையும் தொலைந்த குட்டியையும் கடனில் ஏற்றினார்களா, ஊருக்குப் போகக் கேட்டபோது என்ன பதில் வந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த இரண்டு குட்டிக் கணக்கு சின்ன விஷயமில்லை அண்ணே, கடன் கழியவே கழியாது என்பதற்கு அதுதான் சாட்சி. கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் அப்படி இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான், 15ஆவது பிரிவு.

விசாரணை முடிந்து விடுதலைச் சான்றிதழ் கையில் வந்தால்தான் கடன் சட்டப்படி ஒழிந்ததற்குத் தாள் கிடைக்கும், உதவித்தொகையும் நகரும். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. குழந்தைக்கு முழு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம், ஆனால் அது வழக்கு முடிவோடு கட்டப்பட்டது, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள்.

இன்னொன்று. கேட்டால் எல்லாரும் 'அக்கா மகன்' என்பார்கள். வாய்தவறி வருவதல்ல அது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தம் குடும்பத் தொழிலில் உதவ அனுமதிக்கிறது, தாய்மாமனும் அந்தக் குடும்பக் கணக்கில் வருகிறார். அவர் நிஜ மாமனே ஆனாலும் அனுமதி பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்தான். அதனால் நீங்கள் எழுதிய 'செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி' தங்கம். கிழமையும் நேரமும் தெரிகிற மாதிரி எட்டி நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள், பையனின் முகத்தை எங்கும் போடாதீர்கள்.

ஒன்பதாம்வகுப்பு:

எல்லாரும் வெளியூரில் நிற்கும் பிள்ளையையே எழுதுகிறீர்கள். வீட்டை விட்டு நகராமலே மாட்டுகிற பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் ஒரு பெண். மேசை மேல் கவிழ்த்து வைத்த புதுப் போன், வீட்டில் வாங்கித் தந்ததில்லை. அது அதிரும்போதெல்லாம் திருப்பிப் பார்க்க மாட்டாள், மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அந்தக் கைதான் கண்ணிலேயே நிற்கிறது. அவளுடைய அந்தரங்கப் படத்தை வைத்து யாரோ மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனுதாரர் சார் சொல்வதுபோலப் படம் எடுத்து வைப்பது இங்கே ஆகவே ஆகாது. சாட்சிக்கென்று அந்தப் படத்தை இன்னொரு ஆசிரியருக்கு அனுப்புவதும் குற்றம்தான். மிரட்டும் செய்திகள், கணக்கின் முழுப் பயனர் பெயர், பணம் கேட்ட யுபிஐ முகவரி, இவை போதும். கணக்கை முடக்குவதும் போனை அழிப்பதும் புகாருக்குப் பிறகு. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு, படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும், அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.

பள்ளிக்குள் விசாரித்து முடிவு செய்யலாம் என்று ஒரு வாரம் ஓட்டுவதுதான் வழக்கமான கேடு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கவும் வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், என்கிறது 24ஆவது பிரிவு. அவளிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்ல வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

கிடைமேடு:

மனுதாரர் சொன்ன மாதிரியே கேட்டதில் நம்பர் கிடைத்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் இறங்கியிருக்கிறார்களாம், இன்னும் மூன்று ராத்திரி. வயல் இப்போது திருவாரூர் மாவட்டத்தில். மனு எந்தக் கோட்டாட்சியருக்கு?

மனுதாரர்:

பையன் இப்போது நிற்கும் இடத்துக்கு உரியவருக்கு, மன்னார்குடிக்கு. நகல் திருவாரூர் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வயலின் சர்வே எண் வாங்கி முதல் வரியிலேயே எழுதுங்கள். கிடையை விடிவதற்குள் எழுப்பிவிடுவார்கள், ஆட்கள் மூன்றாம் ராத்திரிக்கு முன்னால் போகட்டும்.