விற்பனை ரிப்போர்ட் கணக்குப் பிரிவோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: நடுவில்_நான்

வணக்கம். முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் மாதாந்திர விற்பனை ரிப்போர்ட் என் தலையில் வந்து விழுந்தது. ஆர்டர், பில், வசூல் எல்லாம் ஒரே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. அவர் எழுதி வைத்த எஸ்கியூஎல்லை (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் கட்டளைகள்) ஓட்டி, எக்செலில் போட்டுத் தருகிறேன்.

மீட்டிங்கில் முதல் பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. விற்பனைப் பிரிவு ஒரு தொகை சொல்கிறது, கணக்குப் பிரிவு வேறொன்று சொல்கிறது, என்னுடையது இரண்டோடும் சேருவதில்லை. இதற்கிடையில் ஆளாளுக்குக் கேட்டதைச் சேர்த்துச் சேர்த்து, எந்த ஷீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. பவர் பிஐ (டேட்டாவை வரைபடங்களாகக் காட்டும் மென்பொருள்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலாளர் நம்புகிறார். ஆகுமா?

ஜாயின்_பார்த்தீர்களா

ஆகாது. அதே தப்பான எண் கலர் கலராக வரும், அவ்வளவுதான்.

முதலில் ஜாயினை, அதாவது டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தைப் பாருங்கள். ஓர் ஆர்டரில் 3 பொருட்கள், அதற்கு 2 தவணையாகப் பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர், பொருள், வசூல் மூன்று டேபிளையும் நேராக இணைத்தால் 6 வரிகள் வரும். பொருட்களின் தொகையைக் கூட்டினால் இரு மடங்கு, பணத்தைக் கூட்டினால் மும்மடங்கு. வசூலைத் தனியாக ஆர்டர் வாரியாகக் கூட்டிவிட்டு, அப்புறம் இணையுங்கள். ஒரே மாதிரி வருவதை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மூடி மறைக்காதீர்கள். ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்தால் அதில் ஒன்று காணாமல் போகும்.

பேரேடு

ஜாயினைத் திருத்துங்கள், அது அவசியம். திருத்திய பிறகும் இரண்டு பிரிவும் ஒத்துப்போகாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன். கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு டேட்டா பக்கம் வந்தவன் நான், இரண்டு தரப்பு நியாயமும் தெரியும்.

விற்பனைக்காரருக்கு ஆர்டர் கைக்கு வந்த அன்றே விற்பனை முடிந்துவிட்டது. கணக்கருக்குச் சரக்கு கிளம்பி பில் போட்டால்தான் விற்பனை. பணப்பொறுப்பில் இருப்பவரோ, பணம் வந்ததா என்பார். மார்ச் 29 அன்று வந்த ஆர்டருக்கு ஏப்ரல் 3 அன்று பில் போட்டு, மே மாதம் பணம் வந்தால், அந்த ஒரே ஆர்டர் மூன்று மாதங்களில் நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை.

இதற்கு மேல் திரும்பி வந்த சரக்கு. அதை விற்ற மாதத்தில் கழிப்பதா, திரும்பிய மாதத்தில் கழிப்பதா? விற்ற மாதத்தில் கழித்தால், ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்டின் எண் பின்னால் மாறும். போன தடவை காட்டிய எண் இந்தத் தடவை வேறாக இருந்தால், அப்புறம் நீங்கள் என்ன காட்டினாலும் நம்ப மாட்டார்கள். என் கட்சி, திரும்பிய மாதம்தான்.

ஆகவே 'விற்பனை' என்று மொட்டையாக ஒரு நெடுவரிசை வைக்காதீர்கள். 'ஆர்டர் மதிப்பு', 'பில் மதிப்பு, வரி நீங்கலாக', 'வசூல்' என்று மூன்றையும் வையுங்கள். முதல் பக்கத்தில், வங்கிச் சரிகட்டும் பட்டியல் (வங்கிக் கணக்கும் நம் கணக்கும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டுவது) போடுவோமே, அதே பாணியில் நாலு வரி: இந்த மாத ஆர்டர் மதிப்பு; அதில் ரத்தானதைக் கழி; இன்னும் பில் போடாததைக் கழி; பழைய ஆர்டர்களுக்கு இந்த மாதம் போட்ட பில்லைக் கூட்டு. வருவது பில் மதிப்பு. அது கணக்குப் பிரிவின் பேரேட்டில் உள்ள விற்பனைக் கணக்கோடு ஒத்துப்போனால்தான் ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டும். சண்டை போடுகிறவர்கள் எந்த வரியில் சண்டை என்றாவது சொல்லியாக வேண்டும் அல்லவா!

ஷீட் குப்பைக்கு ஒரு வழி: "இந்த எண் குறைந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவரையே கேளுங்கள். பதில் இல்லையென்றால், அடுத்த மாதம் அந்த ஷீட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் யாரும் தேட மாட்டார்கள்.

கடைசி_வரி

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸில் எத்தனை வரி, எக்செலில் வந்தது எத்தனை வரி என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். எக்செலில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும், பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536தான். 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போனது இந்தப் பழைய கோப்பு வரம்பால்தான்.

நடுவில்_நான்

நன்றி. தவணையில் கட்டும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் பழைய எஸ்கியூஎல்லில் இரட்டிப்பாக வந்திருக்கிறார்கள்! சரிகட்டும் பட்டியலும் போட்டுவிட்டேன், மொத்தத் தொகை பேரேட்டோடு சேருகிறது. ஆனால் மண்டல வாரியாகப் பிரித்தால், போன வருடத் தொகை அப்போது அனுப்பிய பிடிஎஃப்போடு சேரவில்லை. மொத்தம் சரி, பிரிவு தப்பு.

பேரேடு

வாடிக்கையாளர் யாரையாவது ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்களா? வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் மாஸ்டர் டேபிளில் பழையதை அழித்துப் புதிய மண்டலத்தை எழுதியிருப்பார்கள். அவருடைய பழைய பில்களும் கூடவே குடிபெயர்ந்துவிடும்.

இனிமேல் மண்டலத்தைத் தனி டேபிளில் 'எந்தத் தேதி முதல்', 'எந்தத் தேதி வரை' என்று வைத்து, பில் தேதியை வைத்து இணையுங்கள். பழையதற்கு, பில்லில் விற்பனையாளர் குறியீடு இருக்கிறதா பாருங்கள். அவர் அப்போது எந்த மண்டலத்தில் இருந்தார் என்பது தெரிந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் அந்த பிடிஎஃப்பின் எண்களையே உள்ளிட்டு, 'பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தது' என்று அடியில் குறிப்புப் போடுங்கள்.

மண்டல வாரி லாப சதவீதம் காட்டுகிறீர்களானால், அவற்றைக் கூட்டி வகுத்துவிடாதீர்கள். 100 விற்பனையில் 10%, 900 விற்பனையில் 2% என்றால் மொத்த லாபம் 6% அல்ல, 2.8%.