133 அடியை 95 ஆக்கினால் விசமமா? பள்ளிக்கூட ஐபி தடை பற்றி

பறளியாறு:
யாரும் எழுதித் திருத்தக்கூடிய நம் மாவட்ட விக்கியில் எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபின் ஐபிக்கு (இணைய முகவரி எண்ணுக்கு) 6 மாதத் தடை. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: 'விசமி'. செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தேன். ஒருவன் நாகர்கோவில் பக்கத்தில் தன் கூட்டுக்காரன் பெயரைப் போட்டு, 'ஊருக்கே ராஜா' என்று எழுதிவிட்டான். அது தப்பு, கண்டித்தேன். ஆனால் இன்னொரு பிள்ளை திருவள்ளுவர் சிலைப் பக்கத்தில் 'பீடத்தின் மேல் நிற்கும் சிலை 133 அடி' என்றிருந்ததை 95 என்று திருத்தினாள். அவள் எழுதியது சரி. பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்ந்துதான் 133. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95க்குச் சிலை. பாடத்தில் படித்ததை அப்படியே போட்டவளும் விசமியா? "நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?" என்று கேட்கிறாள்.

வேளிமலை:
தடை போட்டது நான்தான் டீச்சர். கடையடைச்சு வீட்டுக்கு வந்து 10 மணிக்கு மேலதான் யார் என்ன மாத்தினாங்கன்னு காட்டுற 'அண்மைய மாற்றங்கள்' பட்டியலைத் திறப்பேன். அன்னைக்கு உங்க ஐபியிலிருந்து 20 நிமிசத்துல 14 தொகுப்பு, அதாவது 14 மாற்றம். நீங்க பார்த்தது ஒரு கிறுக்கல். நான் பார்த்தது 12, அதுல ரெண்டு கெட்ட வார்த்தை. அந்தக் குப்பைக்கு நடுவுல 133, 95 ஆகுது. எங்கிருந்து எடுத்ததுன்னு மூலமும் இல்ல, ஏன் மாத்தினதுன்னு சுருக்கக் குறிப்பும் இல்ல. எல்லாத்தையும் சேர்த்து மீளமைச்சு, பழையபடி ஆக்கினேன். பார்க்க ஆள் மூணு பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது.

குளச்சல்_கரை:
நான் வேளிமலை அண்ணாச்சி பக்கம். கெட்ட வார்த்தையை யாரும் கண்டுபிடிச்சிருவாங்க. எண்ணை மாத்தினா யாருக்குத் தெரியும்? 2017 ஒக்கி புயல் பக்கத்துல ஒரு ஐபி வந்து, காணாமப் போனவங்க எண்ணிக்கையில ஒரே ஒரு இலக்கத்தை மாத்திட்டுப் போச்சு. 11 நாள் அப்படியே கிடந்தது. எங்க சித்தி போன்ல வாசிச்சுட்டு, "நம்ம ஆளக் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்களா மக்கா?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல? எண்ணைத் தொடுறவங்க மூலம் குடுக்கணும். குடுக்கலேன்னா உடனே திருப்புங்க.

ஆரல்வாய்_காற்று:
திருப்புறது வேற, தடை போடுறது வேற. விக்கிப்பீடியாவுல கெடுக்கணும்னே செய்றதுதான் விசமம். நல்லெண்ணத்தோட ஒருத்தர் தப்பாவே எழுதினாலும் அது விசமக் கணக்குல வராது. ஆங்கில விக்கிப்பீடியாவுல ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துல 3 தடவைக்கு மேல திருப்பக் கூடாது. அப்பட்டமான விசமத்தை நீக்குறதுக்கு விலக்கு உண்டு. அப்போ 'விசமம்'னு எழுதின கைக்கு வரம்பே இல்லாமப் போயிருது. அதனாலதான் அந்தச் சொல்லை யோசிச்சுப் போடணும்.

தொந்தரவு அடிக்கடி வர்ற பக்கத்தை மட்டும் பூட்டலாம். ஆங்கில விக்கிப்பீடியாவுல கணக்கு தொடங்கி 4 நாளும் 10 தொகுப்பும் ஆனவங்கதான் அப்படிப் பூட்டின பக்கத்தைத் தொட முடியும். நாமளும் வச்சுக்கலாமே. ஐபியை 6 மாசம் அடைச்சா அடுத்த வகுப்புப் பிள்ளைங்களும் சேர்ந்துதான் வெளிய நிக்கும்.

தோவாளை_மல்லி:
எதுக்கு இவ்வளவு பாடு? போன் நம்பர் குடுத்தாதான் எழுதலாம்னு வச்சிருங்க.

குளச்சல்_கரை:
அது மட்டும் வேண்டாம். தூத்தூர், வள்ளவிளை பக்கங்கள்ல தெருப்பேரு, பள்ளிப்பேரு திருத்தினதுல பாதி பெயர் சொல்லாம வந்தவங்க செஞ்சது. வரலாற்றைத் திறந்து பாருங்க, வெறும் எண்ணாத்தான் இருக்கும். நம்பர் கேட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. மூலம் கேளுங்க, ஆள் யாருன்னு கேக்காதீங்க.

வேளிமலை:
14 தொகுப்பையும் இன்னைக்கு ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தேன். 12 கிறுக்கல். ஒண்ணு சிலை. இன்னொண்ணு மாத்தூர் தொட்டிப்பாலத்துல எழுத்துப்பிழையைத் திருத்தினது, அதையும் நான் அழிச்சிருக்கேன். ரெண்டையும் திரும்பப் போட்டாச்சு. சிலைப் பக்கத்துல 38, 95, 133 மூணும் இப்போ தனித்தனியா இருக்கு. தடையை வெள்ளிக்கிழமை வரைக்கும்னு குறைச்சிருக்கேன், முழுசா எடுக்க மாட்டேன். கெட்ட வார்த்தை எழுதினவனும் அந்த லேப்லதான் இருக்கான். அடுத்த வாட்டி மணல்தொட்டியில, அதாவது எழுதிப் பார்க்குறதுக்குன்னே இருக்குற பயிற்சிப் பக்கத்துல, எழுதிப் பழகவிட்டுட்டு அப்புறம் உள்ள விடுங்க டீச்சர்.

பறளியாறு:
மணல்தொட்டி சரி. 12 கிறுக்கல் நடந்தது எனக்குத் தெரியாமல் போனது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடைப் பதிவில் 'விசமி' என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. நாளை அந்தப் பிள்ளை திறந்து பார்த்தால் அதுதான் கண்ணில் படும்.

வேளிமலை:
பதிவுல ஒருக்க எழுதினதைத் திருத்த வழி கிடையாது. தடையை மாத்தும்போது புதுக் காரணம் எழுதினா, அது மேல இன்னொரு வரியா வரும்.

பறளியாறு:
அப்படியென்றால் மேல் வரியில் '95 அடி என்ற திருத்தம் சரியானது' என்று எழுதுங்கள். பேச்சுப் பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

வேளிமலை:
ரெண்டும் எழுதிட்டேன் டீச்சர்.

குளச்சல்_கரை:
95க்கு மூலம் இன்னும் போடலையே அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை தடை போனதும் அந்தப் பிள்ளையையே போடச் சொல்லுங்க.