ஹியெரோன் வெண்கலக் காசில் வெளிர்பச்சைத் தூள்: எப்படிக் காப்பாற்றுவது?

திரிசூலன்:
வணக்கம். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிராகூஸை ஆண்ட இரண்டாம் ஹியெரோனின் வெண்கலக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்புறம் கிரேக்கரின் கடல்தெய்வமான பொசைடனின் தலை. பின்புறம் திரிசூலம், இருபக்கமும் டால்பின்கள், மன்னன் பெயர். பொன்முடியில் கலப்படம் உண்டா என்று ஆர்க்கிமிடீஸைச் சோதிக்கச் சொன்னதாகக் கதை வழங்குகிறதே, அதே மன்னன். அதனால் இந்தக் காசின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மழை தொடங்கியதும் ஒரு டால்பினின் வாலருகே வெளிர்பச்சைப் புள்ளி தோன்றியது. தொட்டால் மாவாக உதிர்கிறது. துடைத்தாலும் சில நாளில் திரும்ப வந்துவிடுகிறது. விற்றவர் போட்டுத் தந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையில்தான் காசு இருக்கிறது. அதே ஆல்பத்தில் அலெக்சாண்டரின் திராக்மா என்ற வெள்ளிக் காசு ஒன்றும் உண்டு. அதற்கும் தொற்றுமா?

வாசுகி:
வெண்கலப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்ப்போம், பளிச்சென்று ஆகிவிடும். காசுக்கும் அது போதாதா?

பழங்காசு:
வேண்டாம் அம்மா, தயவுசெய்து யாரும் புளியோ எலுமிச்சையோ பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பழைய வெண்கலக் காசின்மேல் இருக்கும் கரும்பச்சைப் படலம் அழுக்கு அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளில் உருவான மேற்பரப்பே அதுதான். பொசைடனின் தலைமுடியும் தாடியும் அதில்தான் பதிந்திருக்கின்றன. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழிவிழுந்த செம்புத் துண்டு. அப்படிப் பளபளக்கும் கிரேக்கக் காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

திரிசூலன், முதலில் உறையை மாற்றுங்கள். மெல்லிய, வளையும் உறை பெரும்பாலும் பி.வி.சி. அது சிதையும்போது அமிலத்தைக் கக்கும். காசின்மேல் பச்சைப் பிசுக்கும் படியும். இந்தப் பிசுக்கு வெள்ளியையும் விடாது. தூய அசிட்டோனில் கரைந்துவிடும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த சன்னல், அருகில் நெருப்பு கூடாது.

ஆனால் நீங்கள் சொல்வது பிசுக்கு அல்ல, தூள். அசிட்டோனுக்கும் அசையாவிட்டால் அது வெண்கல நோய்.

வேதிமலர்:
நோய் என்று சொன்னாலும் கிருமி எதுவும் இல்லை. மண்ணிலோ கடலோரத்திலோ கிடந்த காலத்தில் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, படலத்துக்கு அடியில் குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாகிறது. கூடவே அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடைத் தருகிறது. நீங்கள் துடைத்தது மேலே வந்த தூளை மட்டும். அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கு இந்த நோய் வராது, திராக்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். உறையை மட்டும் மாற்றுங்கள். அதன் கருமையைத் தேய்த்து எடுக்காதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கக்கூடும், அழுத்தினால் உடையும்.

திரிசூலன்:
அசிட்டோனில் ஊறவைத்தேன், புள்ளி அசையவில்லை. பிறகு ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவில், பஞ்சு காசில் படாமல் வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் தூள் பூத்துவிட்டது. இனி?

வேதிமலர்:
அப்படியானால் சந்தேகமே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பல்குச்சியால் தூளை மட்டும் நீக்குங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். குழாய் நீர் கூடாது, அதிலேயே குளோரைடு இருக்கும். இது வாரக்கணக்கில், சில காசுகளுக்கு மாதக்கணக்கில் நீளும் வேலை. சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற கார உப்பின் கரைசல் நீரைவிட வேகமாக வேலை செய்யும், ஆனால் படலத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடும். இவ்வளவு நல்ல படலம் உள்ள காசுக்கு நான் நீரையே தேர்ந்தெடுப்பேன். ஊறிய நீரில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், வெண்மையாகக் கலங்கும்வரை குளோரைடு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கையுறை போடாமல் இவற்றைத் தொடாதீர்கள்.

அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைப் பூசச் சொல்பவர்களும் உண்டு. அது நஞ்சு, முறையான வசதி இல்லாமல் வீட்டில் வேண்டாம்.

பழங்காசு:
ஊறல் முடிந்ததும் அசிட்டோனில் முக்கி, விளக்கின் மெல்லிய சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். அடுத்து மறுபடியும் அந்த ஈர டப்பா சோதனை. தூள் பூக்காவிட்டால் மட்டுமே, இன்னொரு முறை உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். நோயை உள்ளே வைத்து மெழுகிட்டுப் பயனில்லை.

அதைவிட முக்கியம் சேமிக்கும் இடம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் வையுங்கள். அளவு 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டியிருக்கும். உறைக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் நல்லது. மரத்தட்டு வாங்கினால் மஹோகனியாகப் பாருங்கள். ஓக் மரம் அமில ஆவியை வெளிவிடும்.

திரிசூலன்:
மிக்க நன்றி. நீரில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்வி: தூள் எடுத்த இடத்தில் சிறு குழி தெரிகிறது, டால்பினின் வால்நுனி போய்விட்டது. எதையாவது வைத்து நிரப்பி நிறம் கொடுக்கலாமா?

பழங்காசு:
நிரப்பாதீர்கள். நோய் திரும்பினால் முதலில் தெரியப்போவது அந்தக் குழியில்தான். அதை மூடினால் உங்களுக்கே தெரியாமல் அடியில் அரிக்கும். பிற்காலத்தில் வேறொருவர் கைக்குப் போனாலும் எது பழையது, எது ஒட்டுவேலை என்ற ஐயம் வரும். குழியை இப்போதே படம் எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.