பூனையின் வயிற்றில் நீர்: 84 நாள் மருந்து கட்டாயமா?

கேள்வி: எங்கள் எட்டு மாதப் பூனையின் வயிறு உப்பியிருந்தது. மருத்துவர் ஊசியால் எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில், நூலாக இழுபடும் பிசுபிசுப்புடன் இருந்தது. எப்.ஐ.பி. (பூனைகளுக்கு வரும் தொற்று வயிற்றுறை அழற்சி) என்கிறார். இது தீராத நோய் என்றுதானே படித்திருக்கிறோம்? 84 நாள் மருந்து தரவேண்டுமாம்.

பதில் 1: ஐயா, முன்பு அப்படித்தான் இருந்தது. குடலில் சாதுவாக வாழும் பூனைக் கொரோனா வைரஸ் சில பூனைகளில் உருமாறுவதால் வருவது இந்நோய். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தைத் தோலடியில் செலுத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. 12 வார, அதாவது 84 நாள், கணக்கு அங்கிருந்து வந்ததே.

பதில் 2: கோவிட் சிகிச்சையில் பயன்பட்ட ரெம்டெசிவிர் மருந்து உடலில் சிதைந்து உருவாவதும் இதே ஜி.எஸ்.-441524தான். ஊசி கடுமையாக எரியும் என்பதால் மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். மியூனிக்கில் 40 பூனைகளை வைத்து நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், நீர் கோத்த வகைக்கு 42 நாள் சிகிச்சையே 84 நாளுக்கு ஈடாக இருந்தது. ஆனால் நரம்பையோ கண்ணையோ தாக்கிய நோய்க்கு அந்த 42 நாள் கணக்கைப் பொருத்துவது என் கருத்தில் சரியன்று.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. இன்றைய எடை 2.1 கிலோ, எடை ஏற ஏற மருந்தளவையும் கூட்டவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வருகிறேன்.