ஒரே படத்தின் பல வடிவங்கள்: ‘ஸ்டாக்’ என்பதற்குப் ‘படக்கொத்து’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புகைப்படங்களைச் சேர்த்துவைக்கும் செயலிகளில் ‘ஸ்டாக்’ (stack) என்று ஒரு வசதி வரும்: தொடர்புள்ள பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றை மட்டும் முன்னால் காட்டுவது. அதைத் தமிழாக்க அடுக்கு, குழு, கட்டு என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு நான்காவதாக ஒன்றுக்கு: படக்கொத்து.

‘அடுக்கு’ நல்ல சொல்தான், ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. படம் திருத்தும் செயலிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருத்தும் ‘லேயர்’ (layer) என்பதையும் அடுக்கு என்றுதான் சொல்கிறோம். நிரல் எழுதுபவருக்கோ அது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் தரவுக் கட்டமைப்பு. ‘குழு’ என்றால் படத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். ‘கட்டு’ எனக்கும் பிடித்தது. ஆனால் ‘படக்கட்டு’ என்பதை வேகமாகப் படித்துப் பாருங்கள், பாதிப் பேர் படிக்கட்டு என்றே படிப்பார்கள்.

பேசாமல் ‘ஒத்த படங்கள்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றும் ஒரு கருத்து வந்தது. இதில்தான் எனக்குத் தயக்கம். ஸ்டாக்கில் சேர்பவை எல்லாம் பார்க்க ஒத்திருப்பதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுத்த பத்துப் படங்கள் ஒத்திருக்கும், சரி. ஒளியளவை மாற்றி மாற்றி எடுத்த மூன்றில் ஒன்று இருண்டும் ஒன்று வெளுத்தும் கிடக்கும். ஒரு கூட்டப் படத்திலிருந்து ஒரே முகத்தை மட்டும் வெட்டியெடுத்த வடிவமோ மூலத்தைப் போலவே இருக்காது. ஒப்புமையைக் கணக்கிட ஒரு வழி, படத்தை 9×8 புள்ளிகளாகக் குறுக்கி, அடுத்தடுத்த புள்ளிகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டு 64 பிட் கைரேகை போல ஒன்றை எடுப்பது. லேசான நிறமாற்றத்தை அது தாங்கும். இப்படி வெட்டிவிட்டால் தடுமாறிவிடும். எடுத்த நேரத்தை வைத்துச் சேர்க்கலாம் என்றால், எக்ஸிஃப் விவரம் (எடுத்த நேரம் போன்று படக்கோப்பிலேயே பதிந்திருக்கும் குறிப்புகள்) அழிந்துபோன பிரதிகள் வெளியே நின்றுவிடும். ஆக, செயலி எவ்வளவு செய்தாலும் கடைசியில் பயனர் கைவைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் பெயர்ச்சொல்லைவிட, பொத்தானில் வரும் வினைச்சொற்கள்தான் நமக்கு முக்கியம்.

கொத்து அங்கேதான் கைகொடுக்கிறது. சாவிக்கொத்தில் எல்லாச் சாவியும் ஒரே அச்சாக இருப்பதில்லை, இருந்தும் அது ஒரு கொத்துதான். ஒன்றைக் கழற்றலாம், மறுபடி கோக்கலாம். பொத்தானில் வெறுமனே ‘கொத்து’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கோழிக்கு இட்ட கட்டளை மாதிரி ஆகிவிடும். ‘கொத்தாக்கு’, ‘கொத்தைப் பிரி’ என்று முழுதாகவே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒரு படத்தை மட்டும் கொத்துக்கு வெளியே கொண்டுவருவதை ‘நீக்கு’ என்று எழுதினால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். நம் செயலிகளில் அழிப்பதற்கும் அதே சொல்தானே! ‘கொத்திலிருந்து வெளியே எடு’ நீளம்தான், ஆனால் பயமுறுத்தாது. அதேபோல விரித்த கொத்தை மூடுவதற்குச் ‘சுருக்கு’ வேண்டாம். கோப்பின் அளவைக் குறைத்துப் படத்தின் தரத்தைக் கெடுக்கப்போகிறது என்று நினைப்பார்கள். விரி, மடக்கு போதும்.

கொத்து என்பது ‘கிளஸ்டர்’ (cluster, ஒன்றுக்கொன்று நெருக்கமான தரவுகளின் திரள்) அல்லவா என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் நெருங்கிய படங்களைத் தானாகச் சேர்க்கும்போது பின்னால் நடப்பதே கிட்டத்தட்ட அதுதான். இந்த மோதலால் பெரிய கெடுதல் இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது, கொத்தின் சார்பாக முன்னால் தெரியும் அந்த ஒற்றைப் படத்தின் பெயர். ‘முகப்படம்’ என்றால் முகமறியும் வசதியோடு குழம்பும், ‘மேற்படம்’ என்றால் மேலே சொன்ன படம் என்றாகிவிடும். இப்போதைக்குத் ‘தலைப்படம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரியை இன்னும் பூட்டவில்லை.